கடல் இல்லாத ஊர்

குளச்சல்

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பின வீடியோவை நேற்று ராத்திரி முழுசாகப் பார்த்தேன். எங்கோ போர் நடக்கிறதாம், ஆதாருக்குக் கைரேகை வாங்குகிறார்களாம், அதனால் பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் சொன்ன விலங்கின் எண் 666 வந்தாயிற்றாம், உலகம் முடியப்போகிறதாம். இதை நம்பி சீட்டை நிறுத்திவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னாயாமே? அவள் அழுதாள். எனக்குக் கோபம் வந்தது, கொஞ்சம் சிரிப்பும்.

1999 டிசம்பரில் நீ சின்னப்பிள்ளை. மூன்று நாள் இருட்டு வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. உன் பாட்டா மந்திரித்த மெழுகுதிரி ஒரு கட்டு வாங்கி வைத்தார். இருட்டு வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கரண்டு போனபோதெல்லாம் அந்தத் திரிகளைத்தான் கொளுத்தினோம். அமெரிக்காவிலும் வில்லியம் மில்லர் என்ற போதகரின் ஆட்கள் தானியேல் நூலை வைத்துக் கணக்குப் போட்டு, 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்து ஏமாந்தார்கள். அந்த நாள் தந்தையைத் தவிர யாருக்கும் தெரியாது, மகனுக்குங்கூடத் தெரியாது என்று மாற்கு 13இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அவருக்கே தெரியாதது இந்த வீடியோக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

திருவெளிப்பாடு ஒரு கடிதம், மக்களே. நான் உனக்கு எழுதுகிற மாதிரி, பத்மு தீவிலிருந்து யோவான் எபேசு, சர்தை முதலான ஏழு சபைகளுக்கு எழுதினது. அப்போது ஆண்ட ரோமைப் பேர் சொல்லித் திட்டினால் வாசிக்கிறவன் கழுத்துக்கு ஆபத்து. அதனால் பாபிலோன் என்றார், ஏழு மலைமேல் உட்கார்ந்திருக்கிற பெண் என்றார். ரோம் ஏழு குன்றுமேல் கட்டின ஊர் என்பது அன்றைக்குச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். 666ம் அப்படித்தான். நம் பழைய ஓலைக்கணக்கில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு இல்லையா? எபிரேயத்திலும் எழுத்துதான் எண். ‘நேரோன் கேசர்’ என்று எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். கிறிஸ்தவர்களைக் கொன்ற நீரோ மன்னன்தான். சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. நேரோன் என்பதில் கடைசி எழுத்தை விட்டு நேரோ என்று எழுதினால் அதன் ஐம்பது குறையும், அவ்வளவுதான். பெரும்பாலான அறிஞர்கள் இப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆதார் அட்டைக்கு இதில் என்ன வேலை?

எட்டு வயதில் நீ மறைக்கல்வி வகுப்பில் எழுந்து கேட்டது நினைவிருக்கிறதா? திருவெளிப்பாட்டிலிருந்து, புதிய வானமும் புதிய பூமியும் வரும்போது கடலும் இல்லாமல் போயிற்று என்று வாசித்தேன். “கடல் இல்லாட்டா அப்பா எங்க தொழிலுக்குப் போவாரு?” என்றாய். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். உபதேசியார் என்று பெயர்தான், எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம்தான் தேடி வாசித்தேன். யூதருக்குக் கடல் என்றால் பயம். தானியேல் கண்ட நான்கு விலங்குகளும் கடலிலிருந்துதான் ஏறி வந்தன, யோவான் கண்டதும் அப்படியே. பத்முவில் இருந்தவருக்கோ நாலு பக்கமும் கடல்தான் சிறைச்சுவர். அது நமக்குச் சோறு போடுகிற கடல் இல்லை என்று நினைத்துச் சமாதானம் ஆனேன். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்த கொட்டில்பாட்டுக்குப் போய்ப் பார்த்தபின், அந்த யூதர் பயம் எனக்கும் புரிந்தது.

கடல் இல்லாமல் போயிற்று என்ற அந்த வசனத்துக்குச் சற்று முன்னால், 20ஆம் அதிகாரத்தில், கடல் தன்னிடமிருந்த இறந்தோரை ஒப்படைத்தது என்று ஒரு வரி இருக்கிறது. வீடியோக்காரர்கள் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயலுக்கு முன் கடலுக்குப் போன உன் சித்தப்பா திரும்பவே இல்லை. சித்திக்கு அழுவதற்கு ஒரு கல்லறை கிடையாது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அவள் மட்டும் மணலில் குழி தோண்டித் திரி நட்டுக் கொளுத்துவாள். காற்று அணைக்கும். மறுபடியும் கொளுத்துவாள். போன வருஷம் நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை அவளுக்கு வாசித்தேன். “இன்னொரு தடவை வாசியும் அத்தான்” என்றாள்.

சீட்டுப் பணத்தை அஞ்சாம் தேதிக்குள் அனுப்பு. சித்திக்கு ஒரு போன் போடு.

அப்பா