பாதத்தைத் தொடுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பாதத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆயுர்வேத முறையான பாதாப்யங்கம் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. நான் இத்தனை வருஷமாகச் செய்துவரும் வேலையை என் மகளும் கையில் எடுக்கிறாள் என்றால் சும்மாவா? போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

சுலோகங்களை வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தினமும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லும் பழைய ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர், தலை, காது, பாதம் மூன்றையும் விசேஷமாகக் கவனிக்கச் சொல்கிறார். பாதம் தேய்த்தால் சொரசொரப்பு, விறைப்பு, வறட்சி, களைப்பு, மரத்துப்போதல் எல்லாம் உடனே தணியும் என்கிறார் இன்னொரு ஆயுர்வேத ஆசிரியரான சரகர். நீ இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடாதே. ஒரு பாதம் உன் மடிக்கு வந்ததும் ஐந்தும் அதில் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார். குதிகால் ஓரத்தை உள்ளங்கையால் தடவு, கட்டைவிரலை மெல்ல மேலே வளை, விரலிடுக்குகளை விரித்துப் பார். வந்தவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேள். சர்க்கரை நோய்க்காரர்கள் பலருக்குப் பதில் தப்பாக வரும். அவர்களுக்கு எண்ணெய்ச் சூடும் தெரியாது, அழுத்தமும் தெரியாது. உன் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்காமல் யார் காலிலும் எண்ணெய் ஊற்றாதே. எண்ணெயை நேரே அடுப்பில் வைக்காதே, வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கினால் போதும்.

எந்த எண்ணெய் என்று கேட்டாயே. வறண்டு, குளிர்ந்து கிடக்கும் காலுக்கு நல்லெண்ணெய். எரிச்சல் உள்ள காலுக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது நெய். வாத வலிக்கு க்ஷீரபலா, தன்வந்தரம் போன்ற தைலங்களை வைத்தியர் சொன்னால் எடு.

அப்புறம் அழுத்தம். புதிதாகக் கற்பவர்கள் கட்டைவிரல் பலத்தாலேயே அழுத்துவார்கள். கொஞ்ச நாளில் அந்த விரலின் அடிமூட்டு வலிக்கும், வேலையே வெறுத்துப்போகும். முழங்கையை மடக்காமல் உடம்பை முன்னால் சாய்த்தால் பாரம் தானாக விரலுக்கு இறங்கும். உள்ளங்காலின் நடுவில், நடுவிரலுக்கு நேராக உள்ள தலஹிருதய வர்மத்திலும், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள க்ஷிப்ரத்திலும் குத்தி அழுத்தவே கூடாது. விரலை வைத்து, அவர்கள் மூச்சு வெளியே போகும்போது மெல்ல இறங்கு. விறைப்பாக மேலே பார்த்துக்கொண்டிருந்த பாதம் கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளிப்பக்கம் சாயும். அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துவிடும். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதே.

வெண்கலக் கிண்ணத்தால் தேய்க்கும்போது உள்ளங்கால் கறுத்தால், உடம்பின் நச்சு வெளியேறுகிறது என்று சிலர் சொல்வார்கள். நீ சொல்லாதே. செம்பும் வெள்ளீயமும் கலந்த அந்த உலோகம் வியர்வையும் எண்ணெயும் பட்டு உரசும்போது விடும் கறைதான் அது. பாதத்திலிருந்து கண்ணுக்கு நாடிகள் போவதாக ஆயுர்வேத நூலில் இருக்கிறது, சரி. அதற்காகக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. கால் அசதி தீரும், நல்ல தூக்கம் வரும் என்று சொல். அதுவே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

யாரைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இரு. காய்ச்சல், அஜீரணம், சளிக்கட்டு என்றால் இன்னொரு நாள் வரச் சொல். புண், விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தாலும் அப்படித்தான். ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை சூடாக வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். கை வைக்காமல் உடனே டாக்டரிடம் அனுப்பிவிடு. கர்ப்பிணிக்கு வைத்தியரைக் கேட்காமல் செய்யாதே. காசு போகிறதே என்று ஒருநாளும் யோசிக்காதே.

முடிந்ததும் உள்ளங்காலில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்த பிறகே எழுந்திருக்கச் சொல். வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் நாம் செய்த நல்லதெல்லாம் வீண். எண்ணெய் ஊறிய துண்டுகளை மெஷினில் சூடாக உலர்த்தி, ஆறுவதற்குள் மடித்து அடுக்கிவிடாதே, தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துப் போட்டு ஆறவிட்டு அப்புறம் மடி. நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொள்.

அன்புடன்,
அம்மா