சாராவிடம் கேட்ட விலையை அடுத்து யாரிடம் கேட்கப்போகிறீர்கள்? ‘ஃப்ரம்’ குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

‘ஃப்ரம்’ (From) என்ற அமெரிக்கத் திகில் தொடரை உருவாக்கிய ஜான் கிரிஃபின், இயக்குநர் ஜாக் பெண்டர், தயாரிப்பாளர் ஜெஃப் பிங்க்னர் ஆகியோருக்கு,

வணக்கம். மூன்றாவது சீசன் முடிந்த இடத்திலிருந்து உங்கள் கதை எங்கே போகும் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. கூடவே ஒன்றிரண்டு வேண்டுகோள்களும். (அந்த சீசனை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே விலகிவிடுவது நல்லது. எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன்.)

2022-இல் தொடர் ஆரம்பித்தபோது நாங்கள் மண்டையைக் குடைந்துகொண்டது ‘இது என்ன இடம்?’ என்றுதான். சாலையை மறித்துக் கிடக்கும் மரம், காக்கைக் கூட்டம், எப்படி ஓட்டினாலும் அதே ஊருக்குள் கொண்டுவந்து விடும் பாதை. நரகம் என்றார்கள், கனவு என்றார்கள், யாரோ நடத்தும் சோதனை என்றார்கள். குடும்பத்தோடு அங்கே சிக்கிய ஜிம்மே கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினார். இப்போது அந்தக் கேள்வியில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. ராத்திரியில் சிரித்த முகத்தோடு கதவைத் தட்டும் அந்த உருவங்கள், சாகாவரத்துக்காகத் தாங்கள் பெற்ற பிள்ளைகளையே பலி கொடுத்தவர்கள் என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் அந்த ஊரின் அஸ்திவாரமே ஒரு பேரம்தான்.

இதைத் தெரிந்துகொண்டு முதல் சீசனுக்குத் திரும்பிப் போனால், அங்கே சிக்கியவர்களில் ஒருத்தியான சாரா வேறு மாதிரித் தெரிகிறாள். அவள் தலைக்குள் கேட்ட குரல்கள் என்ன சொல்லின? ஜிம்மின் சின்ன மகன் ஈதனைக் கொன்றுவிடு, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அன்றைக்கு அதைப் பைத்தியத்தின் உளறல் என்று நினைத்துக் கடந்துவிட்டோம். ஈதன் தப்பினான், அவள் சகோதரன் நேதன் செத்தான். ஆனால் அந்த வாக்குறுதியின் அமைப்பைப் பாருங்கள்: ஒரு குழந்தையைக் கொடு, நீ கேட்பதைத் தருகிறேன். பழைய ஊர்க்காரர்களுக்குச் சாகாவரம், இவர்களுக்கு விடுதலை. கேட்கும் விலை மட்டும் மாறவில்லை.

என் ஊகம் இதுதான். கடைசிக் கட்டத்தில், மூன்றாவது சீசன் முடிவில் வந்த அந்த மஞ்சள் உடைக்காரன் அதே பேரத்தை மறுபடி விரிப்பான். இந்த முறை ஒருத்தியின் காதுக்குள் கிசுகிசுக்க மாட்டான், ஊரையே கூட்டிவைத்துப் பகிரங்கமாகக் கேட்பான். பசியிலும் பயத்திலும் நைந்துபோன கூட்டம் அது. ‘ஒரு பையன்தானே’ என்று கணக்குப் போட அங்கே ஆள் இல்லாமலா போகும்? தன் மகனைக் காப்பாற்ற மனைவியையே சுட வேண்டிவந்த ஷெரீஃப் பாய்ட் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிற்பார்.

பாய்டாக நடிக்கும் ஹெரால்ட் பெரினோ, ‘லாஸ்ட்’ தொடரில் மகனை மீட்பதற்காக நண்பர்களைக் காட்டிக்கொடுத்த தகப்பனாக நடித்தவர். ஜாக் பெண்டர் அந்தத் தொடரிலும் இயக்குநர். இது தற்செயலாகவே இருக்கலாம், இருந்தாலும் அந்த முகத்தை இப்படியொரு தராசுக்கு முன்னால் நிறுத்தும் வாய்ப்பை நீங்கள் விடக்கூடாது.

அங்கே சிக்கிய ஜேடும் ஜிம்மின் மனைவி தபிதாவும் முற்பிறவியில் தங்கள் குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போனவர்கள், அதற்காகவே திரும்பத் திரும்பப் பிறக்கிறவர்கள் என்ற திருப்பத்தைப் பலர் கிண்டல் செய்தார்கள். விட்ட குறை தொட்ட குறையைக் கேட்டே வளர்ந்த எனக்கு அது உறுத்தவே இல்லை. முதல் எபிசோடிலேயே இவர்கள் இருவரின் வண்டிகளும் ஒரே நாளில் வந்து மோதிக்கொண்டன அல்லவா? அன்றைக்கு விபத்தாகத் தெரிந்தது மூன்றாவது சீசனில்தான் விதியாக மாறியது. இந்த மாதிரி விடைதான் எனக்கு வேண்டும்: புதிதாக எதையும் கொண்டுவந்து கொட்டாமல், கண்ணெதிரே கிடந்ததையே எடுத்துக் காட்டுவது.

என் பயமெல்லாம் ஜிம்மின் மகள் ஜூலியைப் பற்றித்தான். அவள் கதைக்குள் நடந்து பழைய நிகழ்ச்சிகளுக்குப் போகிறாள். குழிக்குள் கிடந்த பாய்டுக்குக் கயிறு போட்டவளே அவள்தான் என்று தெரிந்தபோது துள்ளிக் குதித்தேன். அந்தக் கயிறு ஏற்கெனவே விழுந்துவிட்டது, அவள் போய்த்தான் அது விழுந்தது. நடந்ததை மாற்றவில்லை, நடக்க வைத்தாள். ஆனால் சீசன் முடிவில் வேறொரு காலத்து ஜூலி, அப்பாவை ஓடச் சொல்லிப் பதறுகிறாள். அடுத்த நிமிடம் மஞ்சள் உடைக்காரன் ஜிம்மின் தொண்டையைக் கிழிக்கிறான். தயவுசெய்து ஜிம்மைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள். ஒரே ஒரு சாவை அழித்து எழுதினாலும் அதற்குப் பிறகு எந்தச் சாவுக்கும் நாங்கள் பதற மாட்டோம். அவள் எத்தனை முறை போனாலும் அதே இடத்தில் அதே சொற்களைத்தான் கத்த முடிகிறது என்று காட்டுங்கள், போதும்.

இன்னொன்று, சிறுவயதிலிருந்தே அந்த ஊரில் சிக்கிக் கிடக்கும் விக்டர். அவன் தாய் மிராண்டாதான் தபிதாவாகத் திரும்பி வந்திருக்கிறாள். தலை நரைத்த பிள்ளை, அவனைவிட இளைய தாய்! மர்மத்தை அவிழ்க்கும் அவசரத்தில் இதை இரண்டு வசனத்தில் முடித்துவிடாதீர்கள். ஒரு எபிசோடு முழுக்க இவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசினாலும் நான் பார்ப்பேன். அந்த உருவங்களை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கும் தாயத்துகளை யார் செய்தது, மின்கம்பி இல்லாமல் விளக்கு எப்படி எரிகிறது என்பதெல்லாம் விடுபட்டுப்போனால்கூடப் பரவாயில்லை.

மஞ்சள் உடைக்காரன் எங்கிருந்து வந்தான் என்றும் விளக்க வேண்டாம். அவனுக்கொரு சோகமான இளமைப்பருவம் நிச்சயமாக வேண்டாம்.

பேரம் திரும்ப வரும் அந்த நாளில், கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து ‘முடியாது’ என்று சொல்பவள் சாராவாக இருக்கட்டும். அதை நம்பி ஏமாந்து, விலையும் கொடுத்தவள் அங்கே அவள் ஒருத்திதான். பாய்ட் அவளுக்குப் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
அடுத்த எபிசோடுக்காகக் காத்திருக்கும் ஒரு பார்வையாளர்