பாப்பாவுக்கு, உன் கோல்ஃப் அயர்ன் செட் பற்றி

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, காலையில் மொட்டை மாடியில் நடக்கிறாள். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். பதிலை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆபீஸ் ஆட்கள் கூப்பிட்டதால் நீ மான்செஸ்டரில் கோல்ஃப் ஆடப் போனாய் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்தவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எத்தனையோ வருஷம் நடந்தவன் நான். என் மகள் தன் பையோடு அந்தப் புல்லில் நடக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை எழுத வரவில்லை, நீயே புரிந்துகொள்.

உன் மேனேஜர் வைத்திருக்கிற அதே அயர்ன் செட்டை, அந்த இரும்புத் தலை மட்டைகளை, வாங்கலாமா என்று கேட்டாய். வேண்டாம் பாப்பா. விலையை ரூபாயாக்கிப் பார்த்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. உன் சம்பளம், உன் செலவு, அதற்காகச் சொல்லவில்லை. அவர் ஆறடி உயரம் என்று நீதான் சொன்னாய். நீ ஐந்தடி இரண்டு அங்குலம். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

1978-ல் எனக்குப் பதினாறு வயசு. விடியும் முன்னால் சைக்கிளில் பீச் ஸ்டேஷனுக்குப் போய், முதல் எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து கிண்டிக்குப் போவேன். இப்போது இங்கேயே மெட்ரோ ஏறினால் நேராகக் கிண்டியில் இறங்கலாம். ரேஸ் கோர்ஸுக்கு நடுவே இருந்த கோல்ஃப் மைதானத்தில் கேடி வேலை, ஆடுகிறவர்களின் பையைத் தூக்குகிற வேலை. 1984-ல் ஒரு மெம்பர் ஊரை விட்டுப் போகும்போது தன் பழைய செட்டை எனக்குக் கொடுத்தார். 3 முதல் 9-ஆம் நம்பர் மட்டை வரை, கூட ஒரு பிட்சிங் வெட்ஜ், கிட்டத்திலிருந்து பந்தை உயரத் தூக்குகிற மட்டை. எல்லாம் பிளேடு. சின்னத் தலை, பின்பக்கம் குழியே கிடையாது, கண்ணாடி மாதிரி பளபளப்பு. அவரும் உன் மேனேஜர் மாதிரி ஆறடி ஆள். நான் ஐந்தடி நாலு.

வீட்டுக்குக் கொண்டுவந்து தாத்தாவிடம் காட்டினேன். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொல்லுப்பட்டறை வேலை பார்த்தவர் அவர். கோல்ஃப் பந்தைத் தொட்டதுகூட இல்லை. 7-ஆம் நம்பரை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார். "அடிச்ச இரும்புடா, வார்ப்பு இல்ல" என்றார். அப்புறம், "நீ ஆடறப்ப நிக்கிற மாதிரி நில்லு" என்றார். சிமெண்டுத் தரையில் நின்றேன். குனிந்து, மட்டைத் தலையின் நுனிக்கு அடியில் நாலணாக் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தள்ளினார். நாலு காசு தடையில்லாமல் உள்ளே போனது.

"மூக்கு மேல நிக்குதே. இது யாரு அளவுக்கு அடிச்சது? மம்பட்டிக்கே ஆள் உயரம் பாத்துதான் காம்பு போடுவான்."

"உனக்கு என்னாப்பா தெரியும் கோல்ஃபு பத்தி" என்றேன். அவர் காசைப் பொறுக்கிக் கொண்டு வெளியே போய்விட்டார்.

நிற்கும்போது நுனி கொஞ்சம் தூக்கியிருக்கத்தான் வேண்டும். அடிக்கும் வேகத்தில் கை கொஞ்சம் உயரும், ஷாஃப்டும், அதாவது மட்டையின் காம்பும், கீழ்நோக்கி வளையும், அப்போது அடிப்பகுதி தரையில் சமமாகப் படியும். ஒன்றிரண்டு காசு போனால் பரவாயில்லை. நாலு காசு என்றால், அடிக்கிற நேரத்திலும் நுனி தூக்கியபடியே இருக்கும், வலக்கை ஆட்டக்காரனுக்குப் பந்து இடப்பக்கம் ஓடும். எனக்கு ஓடியது. கேடிகள் ஆடுகிற திங்கட்கிழமைகளில் ஒவ்வொரு பந்தும் இடது பக்க மரத்தடியில் கிடக்கும். மட்டை தப்பு என்று தோன்றவே இல்லை. நான் தப்பு என்று நினைத்தேன். கையைப் பிடித்து நிறுத்தி, இடுப்பைத் திருப்பாமல், பந்தை வலதுபக்கம் தள்ளுகிற மாதிரி அடிக்கப் பழகினேன். இரண்டே வருஷத்தில் அந்தப் பழக்கம் எலும்பில் ஏறிவிட்டது. அப்புறம் அளவான செட் கையில் வந்தபோதும் இறங்கவில்லை. 1991-ல் அலி ஷேர் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார், அவரும் கேடியாக இருந்தவர். எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தோம். எனக்கு மட்டும் அன்றைக்கு அந்த நாலு காசு ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. தாத்தா போய்ச் சேரும்வரை, நீ சொன்னது சரிதான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீ ஆட ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. இன்னும் எதுவும் எலும்பில் ஏறவில்லை.

முதலில் நீளமும் லை கோணமும், அதாவது காம்பு தலையிலிருந்து எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதும், பார்க்க வேண்டும். ஆண்களுக்கான 7-ஆம் நம்பர் வழக்கமாக 37 அங்குலம், பெண்களுக்கு அதைவிட ஒரு அங்குலம் குறைவாக வரும். உயரம் மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. கை குட்டையாக இருந்தால் குட்டையான ஆளுக்கும் வழக்கமான நீளம் சரியாக வரும், கை நீளமாக இருந்தால் இன்னும் குட்டையான மட்டை வேண்டும். மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்துதான் ஆரம்பிப்பார்கள். உன் கை உன் அம்மா கை மாதிரி, நீளம். அதனால் இங்கிருந்தே ஒரு அளவு சொல்ல நான் துணிய மாட்டேன். பயிற்சி செய்கிற ரேஞ்சில் நீயே ஒன்று செய்து பார். பந்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கோடு செங்குத்தாக உன் மட்டையைப் பார்க்கிற மாதிரி வைத்து அடி. மட்டை முகத்தில் அந்த மை ஒட்டும். கோடு நேராக நின்றால் லை சரி. சாய்ந்திருந்தால், பத்து பந்திலும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்த்து எனக்குப் படம் அனுப்பு.

அடுத்தது லாஃப்ட், மட்டையின் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். நம்பர் ஏற ஏற இந்தச் சாய்வு கூடும், தூரம் குறையும். உன் மேனேஜரின் 7-ஆம் நம்பர் 150 கெஜம் போகிறது, உன்னுடையது 95-தான் போகிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். அந்த நம்பரை நம்பாதே. நான் பை தூக்கிய காலத்தில் 7 என்றால் 35 டிகிரி, ஒன்றிரண்டு முன்பின் இருக்கும். இப்போது தூரம் போகும் என்று சொல்லி விற்கிற செட்டுகளில் 7 என்று பொறித்தது 28, 29 டிகிரியில் வருகிறது. எங்கள் காலத்தில் அது 5-ஆம் நம்பர். கடைக்காரர் அதை உன் கையில் கொடுத்து, பார்த்தீர்களா, பத்து கெஜம் கூடிவிட்டது என்பார். கூடியிருக்கும், தரையில் உருண்டு கூடியிருக்கும். வேகமாக வீசுகிறவர்களுக்கு அந்தக் குறைந்த லாஃப்டிலும் பந்து எழும்பும். உனக்கு எழும்பாமல் தாழப் போய், கிரீனில், அதாவது குழி இருக்கிற புல்தரையில், விழுந்து நிற்காமல் தாண்டி அந்தப்பக்கம் ஓடிவிடும்.

5-ஆம் நம்பரும் 7-ஆம் நம்பரும் ஒரே தூரம் போகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய் பார், உன் மெசேஜில் எனக்கு முக்கியமான வரி அதுதான். 5-ஐ எழுப்ப உன் வேகம் இப்போதைக்குப் போதவில்லை. ஆகவே 5 வேண்டாம், 6-உம் சந்தேகம்தான். 7, 8, 9 என்று வாங்கு. அதைவிட அதிக தூரத்துக்கு, பந்தைச் சுலபமாக எழுப்புகிற பெரிய தலை மட்டைகளான ஒரு ஹைப்ரிட், ஒரு 7-வுட் போதும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் அதிதி அசோக் நாலாவது வந்தாளே, கூட ஆடியவர்கள் அவளைவிட எவ்வளவோ தூரம் அடித்தார்கள். அவள் தூரத்திலிருந்து வுட்டையும் ஹைப்ரிட்டையும் எடுத்து கிரீனில் போட்டு, பந்தைக் குழிக்கு உருட்டுகிற பட்டரால் ஈடுகட்டினாள். 2016-ல் ரியோவில் அவள் பையைத் தூக்கியது அவள் அப்பா, டோக்கியோவில் அம்மா. அதைப் படித்தபோது நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

லாஃப்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 7 இப்படி இறங்கினால் பிட்சிங் வெட்ஜும் 43, 44 டிகிரிக்கு இறங்கியிருக்கும். உன் சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12, 13 டிகிரி ஓட்டை. கிரீனுக்குப் பக்கத்தில் வந்து கையில் மட்டையில்லாமல் நிற்பாய். அந்த இடத்துக்கு ஒரு கேப் வெட்ஜ் தனியாக வாங்க வேண்டிவரும். ஆகவே செட்டின் விலையைக் கேட்கும்போதே ஒவ்வொரு மட்டையின் டிகிரியையும் எழுதி வாங்கிக்கொள்.

ஷாஃப்ட். எனக்குக் கிடைத்த செட்டில் இருந்த மாதிரி கனமான ஸ்டீல் ஷாஃப்ட் ஒன்று ஏறக்குறைய 130 கிராம். இப்போது கிராஃபைட்டில் 50, 60 கிராமிலேயே வருகிறது. உனக்கு கிராஃபைட் போதும் என்று நினைக்கிறேன். ஆனால் பெண்கள் என்றதும், எவ்வளவு வளையும் என்பதைக் குறிக்க எல் என்று எழுதிய ஷாஃப்டை எடுத்து நீட்டுவார்கள், அதை அப்படியே வாங்காதே. அந்த எழுத்துகளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒருவருடைய எல் இன்னொருவருடைய ஏ மாதிரி விறைப்பாக இருக்கும். கேரம் கிளப்பில் உனக்கு ஸ்ட்ரைக்கர் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? எல்லாமே 15 கிராமுக்கு உட்பட்டதுதான், ஆனாலும் பன்னிரண்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டிப் பார்த்து, ஒன்று கையில் வந்ததும் "இதுதாம்பா" என்றாய். எட்டு வயசில் உனக்கு அது தெரிந்திருந்தது. அந்த விரலைத்தான் இப்போதும் நம்பச் சொல்கிறேன்.

பிளேடா, கேவிட்டி பேக்கா என்றால் நீ யோசிக்கவே வேண்டாம், கேவிட்டி பேக்தான். பின்பக்கம் குடைந்து எடுத்த எடையை ஓரங்களுக்குக் கொண்டுபோயிருப்பதால், நடுவில் படாத அடியில் தலை அதிகம் திரும்பாது. இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் பிங் கம்பெனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்தவர், செருப்புத் தைக்கிறவரின் மகன், தானும் அந்தத் தொழிலைச் செய்தவர். பிறகு என்ஜினியராகி, நாற்பது வயசைத் தாண்டி, கூட வேலை செய்தவர்கள் கூப்பிட்டதால் உன்னைப் போலவே கோல்ஃபுக்கு வந்தார். அமெரிக்கப் பெண்களும் ஐரோப்பியப் பெண்களும் 1990 முதல் மோதுகிற சோல்ஹைம் கோப்பை அவர் பேரில்தான். அவருடைய ஐ 2 செட் 1982-ல் வந்தது. வார்த்த ஸ்டீல். முதலில் பார்த்தபோது எங்கள் ஷெட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, அழகில்லை என்றோம். அதை வாங்கிய மெம்பர்களின் சுமாரான அடிகள் கிரீன் ஓரத்திலாவது போய் விழுவதைக் கண்ணால் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டோம். அதே அடி என் பிளேடில் பட்டால் கை விறுவிறுக்கும், பந்து பாதி தூரத்தில் விழும்.

வார்ப்பில் ஒரு குறை உண்டு. கடினமான ஸ்டீலாக இருந்தால் பிறகு லையை வளைக்க அதிகம் இடம் கொடுக்காது, இரண்டு டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து. அடித்த மெல்லிரும்பு அதைவிட நன்றாக வளையும். ஆகவே வாங்கும்போதே லை சரியாக இருக்க வேண்டும். பழைய செட் வாங்கினாலும் இதைக் கேள். நாலைந்து வருஷப் பழசு வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. முகத்தில் கோடுகள் தேய்ந்திருக்கிறதா, ஷாஃப்ட் தலையோடு சேருகிற இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார். கிரிப் போனால் போகட்டும், புதுசு போட்டுக்கொள்ளலாம்.

மான்செஸ்டரில் மழை, தரை மெத்தென்று இருக்கும் என்றாய். அப்படியானால் அடிப்பகுதி அகலமாக இருப்பதை எடு, மண்ணுக்குள் புதையாது. மே மாதக் கிண்டித் தரை மாதிரி இறுகிய தரை என்றால் வேறு சொல்லியிருப்பேன்.

அளவெடுக்கப் போகும்போது ஒன்றைக் கவனி. கடைக்குள் பாய் விரித்து அடிக்கச் சொல்வார்கள். பந்துக்குப் பின்னால் அடித்தாலும் பாயில் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும், திரையில் நல்ல அடி என்று காட்டும். புல்லில் அதே அடி மண்ணைத்தான் பெயர்க்கும். முடிந்தால் புல்லில் அடித்துப் பார்க்க விடும் இடமாகத் தேடு. மூன்று செட்டை ஒப்பிடும்போது எது மிகத் தூரம் போனது என்று பார்க்காதே. ஒவ்வொன்றிலும் உன் மோசமான மூன்று அடி எங்கே போய் விழுந்தது என்று எழுதி வை. மெம்பர் கையில் எந்த மட்டையைக் கொடுக்கலாம் என்று நாங்கள் முடிவு செய்தது அப்படித்தான். கை களைத்தபிறகும் பத்து பந்து அடி, ஏனென்றால் பதினாலாவது ஹோலில் உன் கை அப்படித்தான் இருக்கும்.

அம்மா நெத்திலிக் கருவாடு அனுப்பலாமா என்று கேட்கிறாள். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீயும் அதையே சொல்.

இந்த வாரம் ஷூ போட்டுக்கொண்டு, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நின்று, மணிக்கட்டுக் கோட்டிலிருந்து தரைவரை அளந்து எனக்கு எழுது. நீயே குனிந்து அளக்காதே, அளவு மாறிவிடும். யாரையாவது கூப்பிட்டு எடுக்கச் சொல். அப்படியே நிற்கும்போது 7-ஆம் நம்பரின் நுனிக்கு அடியில் உங்கள் ஊர்க் காசு எத்தனை போகிறது என்றும் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அப்பா