கண் எங்க நிக்குது?

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சு மூண்டு கிழமை. மறுமொழி பிந்தினதுக்கு மழை பாதி, என்ர முழங்கால் பாதி. காத்துக்கு முருங்கை முறிஞ்சு விழுந்ததைத் தவிர இஞ்ச எல்லாரும் சுகம்.

வீடு கட்டப்போறன் எண்டு கொம்பியூட்டர் படமும் அனுப்பியிருந்தாய். வடிவுதான். ஆனா முன்னால வெள்ளைக் கார், பக்கத்தில ஏதோ குளிர்நாட்டு மரம். உங்கட கிணறு எங்க? வேலியோட நிண்ட வேம்பு எங்க? கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின்ர கந்தோருக்கு ஓவியர் லக்கி சேனநாயக்க கீறின படங்கள் ஞாபகமிருக்கோ? இலையைப் பாத்தே மரத்தின்ர பேரைச் சொல்லலாம். நிக்கிற மரத்தைக் கீறினால்தான் வீட்டை எங்க ஒதுக்கிறது எண்டு யோசிக்க வரும்.

நாங்கள் இரண்டுபேரும் எங்கட கந்தோரில கட்டடப் படம் கீறிக்கொண்டிருந்த காலத்தை நினைச்சுச் சிரிச்சன். தூரத்துக் கோடுகள் போய் ஒண்டுசேருற மறைபுள்ளிகளில ஒண்டு எப்பவும் கீறுற பலகைக்கு வெளியால விழும். சுவரில ஆணி அடிச்சு, நூல் கட்டி, அந்த நூலோட கோடு இழுத்தம். தேத்தண்ணி கொண்டுவந்த பெடியன் நூலில தடக்குப்பட்டு, கீறி வைச்ச ஒரு ஆஸ்பத்திரி வாட்டின்ர படம் முழுக்கச் சாயத்தண்ணி! இரண்டு நாள் வேலை போச்சு. கொம்பியூட்டரில உந்தக் கரைச்சல் இல்லை, ஒத்துக்கொள்ளுறன். பின்னேர வெயில் எந்த யன்னலுக்கால வரும் எண்டதையும் அது பிழையில்லாமல் காட்டும்.

ஆனா போன வருசம் கோண்டாவிலில ஒரு குடும்பம் இப்பிடியொரு படத்தைப் பாத்திட்டு "சரி" எண்டதோட விட்டிட்டினம். கட்டி முடிஞ்ச வீடு மாதிரிக் கிடந்தால் ஆர் வாய் திறப்பினம்? நான் அதுக்கு மேல, கீழ இருக்கிறது தெரியிற பட்டர் பேப்பரை விரிச்சு, 2பி பென்சிலால அதையே திரும்பக் கீறினன். குசினிப் பக்கம் எனக்கே தெளிவில்லாதபடியால் இரண்டு கோட்டோட விட்டிட்டன். தாய்க்கிழவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, சரியா அந்த வெறுமையில விரலை வைச்சு, "இதில அம்மிக்கு இடம் விடு தம்பி" எண்டா. எனக்கு 66 வயது, இன்னும் தம்பி. பிறகு ஆளாளுக்குக் கதைக்கத் துவங்கிச்சினம். பின் விறாந்தை அண்டைக்குத்தான் பிறந்தது.

மற்றது, கண். இத்தாலியில, புளோரன்சில, கட்டடக்கலைஞர் புருனெலெஸ்கி 1400களின்ர முற்பகுதியில படம் கீறின பலகையில துளை போட்டு, பின்னால நிண்டு அதுக்கால கண்ணாடியில பாத்தால்தான் படம் சரிவரும் எண்டு காட்டினவர். பாக்கிறவன் நிக்கிற இடம் முதல், கட்டடம் பிறகு. பெடியளுக்குப் படிப்பிக்கேக்க பருத்தித்துறையில தெருவுக்கு மேலயே கூரை போட்டுக் கட்டின பழைய தெருமூடி மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறனான். நடுத்தெருவில நிண்டால் இரண்டு பக்கக் கல்லுத்தூணும் மேல்கூரையும் தூரத்தில ஒரு புள்ளிக்கு ஓடும். மோட்டச்சைக்கிள்காரர் ஏசுவினம், அது வேற. பிறகு திண்ணையில ஏறி இருக்கச் சொல்லுவன். இப்ப தூணுகள் ஒண்டையொண்டு மறைக்கும். மடம் தெருவாயில்லாமல் இருப்பிடமாய் மாறிப்போகும்.

நாங்கள் பழக்கதோசத்தில அடிவானக் கோட்டை 5 அடியில வைச்சிடுவம், நிக்கிற ஆம்பிளையின்ர கண். உனக்கு வந்த படமோ பறவையின்ர கண்ணால பாக்குது. உன்ர வீட்டை அப்பிடி ஆர் பாக்கப்போகினம்? சாய்மனைக் கதிரையில இருக்கிற ஆளுக்குக் கண் 3, 3½ அடியில. அங்கயிருந்து கீறினால் தாழ்வாரம் தலைக்கு மேல இறங்கிவரும், சீலிங் தெரியும், முற்றத்து வெளிச்சம் நிலத்தில எட்டினவரைக்கும் தெரியும்.

மழை விட்ட உடன காணிக்குப் போய் அளந்து, இரண்டு மூண்டு படம் கீறி அனுப்பிறன். காசுக் கதை கதைக்காதை. ஒண்டு மட்டும் எழுதிவிடு: பழைய வீட்டில அம்மாவின்ர கதிரை விறாந்தையில எந்தப் பக்கம் கிடந்தது? கிணத்தடிப் பக்கம் எண்டு எனக்கு நினைவு. என்ர மனுசி இல்லை, படலைப் பக்கம் எண்டிறா.

உன்ர பழைய வாங்குத் தோழன்