ஞாயிறு அமர்வு: வயரிங்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு சேலம் அஸ்தம்பட்டிப் பட்டறையில் கூடுகிறோம். இம்முறை எலக்ட்ரிக் கிட்டார் வயரிங் மட்டும்தான். தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகமான பிக்கப்பில், இரட்டைச் சுருள் வகையான ஹம்பக்கர் வைத்திருப்பவர்கள் 500 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் பாகம்), ஒற்றைச் சுருள் வகையான சிங்கிள் காயில்காரர்கள் 250 கிலோ ஓமும் கொண்டு வாருங்கள். ஹம்பக்கரில் 250 போட்டால் ஒலி மங்கிவிடும்.

தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதே, ஏன் என்று பலர் கேட்டிருந்தீர்கள். பிரிட்ஜுக்கு, அதாவது தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகத்துக்குப் போகும் எர்த் கம்பி சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம், அதைக் கழற்றிவிடாதீர்கள். பிக்கப் உட்காரும் குழி முழுவதும் செப்புத் தாள் ஒட்டி எர்த்துடன் இணைத்தால் கையை எடுத்த பின்னும் இரைச்சல் வெகுவாகக் குறையும். சிங்கிள் காயிலின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் மட்டும் இதற்கு அடங்காது. அது காந்தப்புலம் வழியாக வருவது. பொட்டென்ஷியோமீட்டரின் முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுப் பற்றவையுங்கள். ஈயம் சட்டென்று பிடிக்கும், உள்ளே சூடு ஏறாது.

கிட்டார் செய்ய ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் பலகைகள் வந்துவிட்டன. ஆனால் ஈரம் இன்னும் வற்றவில்லை. தயவுசெய்து இப்போதே அறுக்க வேண்டாம். காயும்போது பலகை வளையும், கிட்டாரின் கழுத்து பொருந்தக் குடைந்த நெக் குழியின் அளவும் மாறிவிடும்.

வருபவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் இங்கே பெயர் எழுதுங்கள்.