கடலில் விடச் சொன்னாயாமே

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடி ஏறுகிறாள்.

"அப்பாவுக்கு எதுக்கு இந்தத் தொல்லை, விலாங்கை பெசன்ட் நகர்ல கடல்ல விட்டுடச் சொல்லு" என்று அவளிடம் சொன்னாயாம். போனில் பேசினால் உனக்கு அவசரம், எனக்குக் கோபம். அதனால்தான் கடிதம்.

முதலில், உன்னிடம் மறைத்த ஒரு விஷயம். பொங்கல் முடிந்த வாரம் நீ வாங்கிய அந்த விலாங்கு மீனின் தொட்டியில் ஃபில்டர் குழாயைக் கழுவ எடுத்தவன், மூடியில் அந்தக் குழாய் நுழையும் ஓட்டையை அடைக்காமல் படுத்துவிட்டேன். இரண்டு விரல் நுழைகிற ஓட்டைதான். விடியற்காலை பால் காய்ச்சப் போன அம்மா "பாம்பு, பாம்பு" என்று அலறினாள். விலாங்கு கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் கிடந்தது. உடம்பெல்லாம் தூசி, வாலில் ஒரு வெங்காயச் சருகு. செதில் கிடையாது, மேலே இருக்கும் வழவழப்பு காய்ந்தால் போச்சு என்று நீ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. துண்டைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, சுருட்டி எடுத்து உள்ளே விட்டேன். கல்லிடுக்கில் ஒளிந்ததுதான், ஒன்பது நாள் ஒரு எறாவைத் தொடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. இப்போது மூடிமேல் உன் இன்ஜினியரிங் புத்தகங்கள் இரண்டு பாரமாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கும் ஒரு வேலை கிடைத்தது.

இந்த ஜாதி நம் கடலிலும் உண்டுதான். காசிமேட்டில் எறா விற்கிற அம்மா போட்டோவைப் பார்த்ததுமே, "அஞ்சாலையாச்சே, இதையா வூட்ல வெச்சிருக்கே?" என்றாள். கடல் விலாங்குக்கு அவர்கள் சொல்லும் பேர் அது. ஆனால் நம்முடையதை எந்தக் கடலில் பிடித்தார்களோ! வேறு ஊர் மீன்களோடு கடைத் தொட்டியில் கிடந்து என்ன நோயை வாங்கி வைத்திருக்கிறதோ! புளோரிடாவில் 1985-ல், அந்தக் கடலுக்கே சொந்தமில்லாத ஒரு சிங்கமீன் தென்பட்டது; யாரோ வளர்த்து விட்டதாகத்தான் சொல்கிறார்கள். இன்று கரீபியன் முழுக்க அதன் வம்சம். அது வேறு கதை என்பாய், சரி. பெசன்ட் நகரில் கண்ணுக்கெட்டிய வரை மணல்தானே? அது தலையை நுழைக்க ஒரு பாறை இடுக்கு எங்கே?

நீ வாங்கும்போது பென்சில் தடிமன். இப்போது இரண்டடி. செவ்வாயும் சனியும் சாப்பாடு. இடுக்கியில் எறா உள்ளே போனதும், மஞ்சளாக இருக்குமே அந்த மூக்குக்குழல் இரண்டும்தான் முதலில் வெளியே வரும். கண் மங்கல், எல்லாம் மோப்பம். பக்கத்துக் கல்லை ஒருமுறை கடித்துவிட்டுத்தான் எறாவுக்கு வரும். அது வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து உன் மாமா "மிரட்டுது" என்றார். மூச்சு விடுகிறது என்று நான்தான் விளக்கினேன். தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது, அதுதான் முன்னால் பாய்ந்து வந்து இரையைக் கவ்வி உள்ளே இழுக்கிறது என்றேன். நம்பவில்லை. 2007-ல் ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தது என்றதும் நம்பிவிட்டார். உள்ளூர்க்காரன் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத்தண்ணி ஊற்றாதே, ஆர்ஓ தண்ணியை ஊற்று என்று நீ சொன்னது முதலில் எனக்குப் புரியவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி கட்டியவரின் பேரனுக்கே இது தெரியவில்லை பார்: ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயேதான் கிடக்கும். இப்போது தினமும் உப்பு அளவு காட்டுகிற அந்த ரிஃப்ராக்டோமீட்டரில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, நீலக்கோடு 1.025-ல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காபி.

அதனால் கடல் பேச்சை விடு. ஜூலையில் இருபது நாள் வருகிறாயே, அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் நீ கொடு. இடுக்கி ஃபிரிட்ஜ் மேலே இருக்கும். கையால் மட்டும் கொடுக்காதே, அதற்கு விரலும் ஒன்றுதான், எறாவும் ஒன்றுதான்.

தொட்டிக்குப் போடுகிற சால்ட் தீரப்போகிறது. போன தடவை வாங்கிய அதே பெரிய வாளி, ஒன்று ஆர்டர் போட்டுவிடு. கல் உப்பைப் போடலாமா என்று அம்மா இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்பா