நகத்தவளைக்கு வேகமான வடிகட்டி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீரிலேயே வாழும் ஆப்பிரிக்க நகத்தவளையை வளர்ப்போர் பலர், மீன்தொட்டிக்குரிய வேகமான வடிகட்டியையே அதற்கும் பொருத்திவிடுகின்றனர். உடலின் இருபுறமும் தையல் போட்டதுபோல் தெரியும் புலன்கோடுகளால் நீரின் அதிர்வை உணரும் அத்தவளைக்கு, ஓயாத நீரோட்டம் ஓயாத இரைச்சலுக்கு ஒப்பாகும். என் மகள் வளர்க்கும் தவளை, மெதுவாகக் குமிழியிடும் பஞ்சு வடிகட்டிக்கு மாற்றிய பிறகே மூலையை விட்டு வெளியே வந்தது.

தவளைக் கழிவிலுள்ள நச்சான அம்மோனியாவை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் பஞ்சில் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதால், குளோரின் நீக்கிய நீரில் அவற்றுக்கு உணவாகச் சிறிது அம்மோனியா சேர்த்து, தவளையை விடுவதற்கு முன்பே தொட்டியில் வடிகட்டியை ஓடவிட வேண்டும். தொட்டியின் அடியில் சிறு கூழாங்கற்களைத் தவிர்க்கவும்; தவளை அவற்றை விழுங்கிவிடும்.

வளர்த்துச் சலித்துப்போனால் தவளையை இங்குள்ள குண்டாற்றில் விட்டுவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். சிலி, பிரான்ஸ் நாட்டு நீர்நிலைகளில் இத்தவளை ஊடுருவிப் பரவியிருப்பதை அவர் அறியார் போலும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செங்கோட்டை